இண்டாய் இங்கே இல்லை

நெல்ஃபா என் தம்பி ஜோமாரின் மனைவி. எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர். பால்வாடி என் வீட்டுக்கு அடுத்த கட்டடம். நடுவில் ஒரு முருங்கை மரமும் இடுப்பளவுச் சுவரும்தான். நான் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். ஆகவே அவள் சொன்ன கதைகளில் பாதியை நானும் கேட்டிருக்கிறேன்.

அவளுக்குக் கதை கட்ட வரும் என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் வரைக்கும் அவளுக்கே தெரியாது. அன்றைக்கு இருபத்தாறு பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் மூன்று நான்கு வயது. ஒன்று அழ ஆரம்பித்தது, உடனே இருபத்தாறும் அழுதன. பால்வாடியில் இரண்டு பாயும் ஒரு கரும்பலகையும் தவிர எதுவும் கிடையாது. பொம்மை இல்லை, புத்தகம் இல்லை. நெல்ஃபா திகைத்துப்போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோற்றின் மேல் வறுத்த கருவாடு ஒன்று இருந்தது. அதை வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"இது இன்னைக்குக் காலையில என்கிட்ட என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்றாள்.

அழுகை பாதியாகக் குறைந்தது.

"என்னைத் திரும்பக் கடல்ல விட்டுடுன்னு சொல்லிச்சு."

ஒரு பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "கருவாட்டுக்கு நீந்தத் தெரியுமா டீச்சர்?"

"தெரிஞ்சதுதான். காய வெச்சதுல மறந்துபோச்சு."

அன்று மத்தியானம் வரைக்கும் கருவாடு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வழியில் துணிக்கொடியில் தொங்கிய ஒரு கால்சட்டையோடு சிநேகமாகி, ஒரு பூனையிடம் மாட்டித் தப்பி, எந்தப் பிள்ளையின் உதடு துடித்ததோ அந்தப் பிள்ளையின் சட்டைப்பையில் ஏறிக்கொண்டது. கேட்டுக்கொண்டே நான் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் தப்பாகத் தைத்துவிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

எங்கிருந்து இதெல்லாம் வருகிறது என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் அக்கா? அடுத்து என்ன வரும்னு நான் யோசிக்கிறதே இல்ல. அதுங்க மூஞ்சியப் பாப்பேன். பயப்படுதா, சிரிக்கப்போகுதா, ஒண்ணுக்கு வருதா, எல்லாம் அங்க தெரியும். கதை என் வாயில இல்ல, அதுங்க மூஞ்சியிலதான் இருக்கு."

இதை அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாகிவிட்டது.

*

அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அப்பா பேரில் பாதி, அம்மா பேரில் பாதி சேர்த்து ஜோனெல்லா என்று வைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போது ஒரு புயலில் ஜோமாரின் படகு இரண்டாகப் பிளந்தது. பால்வாடிச் சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் பெண்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். நெல்ஃபாவும் சிங்கப்பூருக்குக் கிளம்பினாள், பிள்ளை பார்க்கும் வேலைக்கு.

போகிற அன்று காலை ஜோனெல்லா என் இடுப்பில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். நெல்ஃபா பெட்டியை வாசலுக்கு வெளியே மறைத்து வைத்துவிட்டு வந்து, "அம்மா கடைக்குப் போயிட்டு வரேன், சரியா?" என்றாள். பிள்ளை தலையாட்டினாள். அடுத்த மூன்று சாயங்காலமும் படலைப் பிடித்துக்கொண்டு கடைப் பக்கமே பார்த்து நின்றாள். நான்காம் நாள் நிற்கவில்லை. நிற்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஜோமார் கடலுக்குப் போய்விடுவான். அன்றிலிருந்து ஜோனெல்லா என் பாயில்தான் படுத்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் டவுனில் இருக்கும் டெலிபோன் கடையில் போய் உட்காருவோம். நெல்ஃபா சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவாள். எடுத்ததும், "ஜோனெல்லா, ஒரு ஊர்ல ஒரு நண்டு இருந்துச்சு, கேக்குறியா கண்ணு?" என்பாள். பிள்ளை போனைப் பார்த்துத் தலையாட்டுவாள். அந்தப் பக்கம் சத்தமே போகாது.

"இருக்கியா கண்ணு? கேக்குறியா?"

"தலையாட்டுறாடி! நீ சொல்லு!" என்று நான் பக்கத்திலிருந்து கத்துவேன்.

"எப்படி ஆட்டுறா அக்கா? புடிச்சிருக்கா, புடிக்கலையா?"

நான் என்னவென்று சொல்வேன்? அதற்குள் நேரம் முடிந்து போன் கத்தும். நண்டு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த மாதம் வேறு நண்டு. நான்கைந்து தடவைக்குப் பிறகு அவள் கதை சொல்வதை விட்டுவிட்டாள். "சாப்பிட்டியா, சளி புடிக்கலையே, அத்தை சொன்னதக் கேளு" என்பதோடு சரி. ஒரு கதையைக் கடிதத்தில் எழுதியும் அனுப்பினாள். நான் படித்துக் காட்டினேன். என் வாசிப்பு ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி இருக்கும். பிள்ளை நடுவிலேயே எழுந்து கோழிக்குஞ்சின் பின்னால் போய்விட்டாள்.

ஒரு நாள் ஜோனெல்லா என்னைக் கேட்டாள். "அத்தை, போனுக்குள்ள இருக்கிறவங்க நெஜமான ஆளா?" இதை நான் நெல்ஃபாவிடம் சொல்லவில்லை.

*

சிங்கப்பூரில் அவளிடம் ஒப்படைத்த பையனுக்கு அப்போது பத்து மாதம். பேர் யோங் ருய். பதினாலாவது மாடி. அப்பாவும் அம்மாவும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நெல்ஃபா அவனை டோட்டோ என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் சின்னப் பையன் எவனாயிருந்தாலும் டோட்டோதான், சின்னப் பெண் எவளாயிருந்தாலும் இண்டாய்தான்.

அவன் ஒரு வாய் கஞ்சி வாங்க மாட்டான், போனில்கூட அதைச் சொல்லிப் புலம்புவாள். ஒன்றரை வயதில் ஒரு நாள், கரண்டியை அவன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அலுத்துப்போய், "எங்க ஊர்ல இண்டாய்னு ஒரு பொண்ணு இருக்கா, அவ என்ன பண்ணா தெரியுமா?" என்று எங்கள் பேச்சிலேயே சொன்னாளாம். பையன் வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தானாம். கரண்டி உள்ளே போய்விட்டது.

இதையெல்லாம் அவள் திரும்பி வந்த பிறகு என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கஞ்சி ஊட்டத்தான் ஆரம்பிச்சேன் அக்கா. அப்புறம் எனக்கே அது வேண்டியதாப்போச்சு. இன்னைக்கு ஜோனெல்லா என்ன செஞ்சிருப்பான்னு காலையில துணி காயப்போடறப்பவே யோசிப்பேன். எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதனால நானா வெச்சுக்கிட்டேன். இன்னைக்கு அவ எருமை மேல ஏறினா. இன்னைக்கு நண்டு அவ கால்விரலப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேனுச்சு. இன்னைக்கு முன்பல்லு விழுந்துச்சு, அதக் கூரை மேல போட்டா, அதக் காக்கா எடுத்துத் தன் வாயில மாட்டிக்கிட்டுது. இப்படி."

இண்டாயின் எருமைக்கு 'கேப்டன்' என்று பேர். அது சேற்றில் இறங்க அருவருப்புப்படும், தினமும் குளிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். டோட்டோ வளர வளர இண்டாயும் கூடவே வளர்ந்தாள். அவனுக்கு மூன்று வயதென்றால் அவளுக்கும் மூன்று. அவன் ஊசிக்குப் பயந்தால் அவளும் பயந்து, அப்புறம் தைரியமாகக் கையை நீட்டுவாள். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கட்டடத்தின் கீழே இருக்கிற விளையாட்டுத் திடலில் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளைகளுக்காக அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். டோட்டோவுக்கு அது பிடிக்காது. "நம்ம பேச்சுல சொல்லு" என்பானாம். நம்ம பேச்சு!

முதல் இரண்டு வருஷம் முடிந்து பதினைந்து நாள் லீவில் வந்தாள். ஜோனெல்லாவுக்கு நான்கு வயது. என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தவள் பன்னிரண்டாம் நாள்தான் அம்மா மடியில் உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். நெல்ஃபா போய்விட்டாள். அதற்கடுத்த லீவுக்கு வரவேண்டிய நேரத்தில் இன்னொரு புயல் கூரைத் தகரத்தைக் கொண்டுபோனது. டிக்கெட் செலவு தகரமாகிவிட்டது.

*

டோட்டோவின் அப்பாவுக்கு ஷாங்காய்க்கு வேலை மாற்றல் ஆனது. நெல்ஃபா ஊருக்கே வந்துவிட்டாள். அவள் போய் ஏறக்குறைய ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஜோனெல்லாவுக்கு எட்டு வயது.

தெருவே கூடி வந்தது. "சிங்கப்பூர்க்காரி வந்துட்டா, சாக்லேட்டு எங்க?" என்று ஜோமாரின் சிநேகிதர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஜோனெல்லா நல்ல பிள்ளையாக வந்து அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் யாருக்கும் செய்கிற மரியாதை அது. செய்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

நெல்ஃபா பெட்டியிலிருந்து ஒரு ஜோடி சிவப்புச் செருப்பை எடுத்தாள். கட்டைவிரல் இருக்கும் இடத்தில் ரப்பர் நண்டு ஒட்டியிருந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் டோட்டோவே கடையில் பொறுக்கி எடுத்து, தன் காலில் போட்டு அளவு பார்த்து, "இண்டாய்க்குக் குடு" என்று கொடுத்தானாம்.

ஜோனெல்லா செருப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?"

"உனக்குத்தான் கண்ணு."

ஜோனெல்லா தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம் குதிகால் வெளியே நின்றது. செருப்பைச் சேர்த்து, ஜோடியாக, சுவரோரம் வைத்தாள். நெல்ஃபாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்ச் சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்தேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதற்கப்புறம் நெல்ஃபா முயற்சி செய்யாமல் இல்லை. சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை ஆரம்பிப்பாள். ஜோனெல்லா முதுகை நேராக வைத்து, கையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு வந்த கலெக்டர் பேச்சைக் கேட்பது மாதிரி கேட்பாள். முடிந்ததும், "முடிஞ்சுதாம்மா? நான் கணக்குப் போடப் போகட்டுமா?" என்பாள். அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். மீன் மார்க்கெட்டில் கூடையைப் பார்த்ததும் எத்தனை மீன் என்று சொல்லிவிடுவாள். கதை கேட்கிற வயது அவளுக்கு வந்து போயிருந்தது. அந்த வயதில் நெல்ஃபா வேறு இடத்தில் இருந்தாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். மணி ஐந்தானால் நெல்ஃபாவுக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து கரைக்குப் போய்விடுவாள். மீன் காயப்போட்ட தட்டிகளுக்கு அப்பால் ஒரு கவிழ்த்த படகு கிடக்கும், அதன்மேல் உட்காருவாள். ஒரு நாள் கருவாடு எடுக்கப் போனபோது பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். அப்புறம் அவளே பேசினாள்.

"ஆறு வருஷம் இவளுக்காக அழுதேன் அக்கா. பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டு அழுதேன். இப்ப இவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவனுக்காக அழுவுறேன். எவனோ பெத்த பிள்ளை. இந்நேரம் சாப்பிட்டானோ என்னவோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. நான் என்ன ஜென்மம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் பாயில் படுத்த பிள்ளை இவள் பிள்ளை. இவளோ இன்னொருத்தி பிள்ளைக்கு ஏங்குகிறாள். ஆனால் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் வேறு வார்த்தை வரவில்லை.

"அழணும்னா அழு. அவ முன்னாடி மட்டும் அழாத" என்றேன்.

*

நெல்ஃபா வாங்கிவந்த கைப்பேசி என் வீட்டில்தான் இருக்கும். அவர்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் எடுக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் டவுனுக்குப் போயிருந்தாள். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன், ஜோனெல்லா தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. என் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் அவள் எடுத்தாள். அந்தப் போனில் பேசினால் அறைக்கே கேட்கும்.

முதலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அப்புறம் ஒரு சின்னப் பையன் குரல். எங்கள் பேச்சில், எங்கள் கடற்கரைப் பேச்சில், கொஞ்சம் மூக்கால் பேசினான்.

"ஹலோ. நீ இண்டாயா?"

ஜோனெல்லா என்னைப் பார்த்தாள். "நீ யாரு?"

"நான் டோட்டோ."

"எந்த டோட்டோ? இங்க தெரு பூரா டோட்டோதான்."

"பதினாலாவது மாடி டோட்டோ. கேப்டன் குளிச்சுதா இன்னைக்கு?"

"எந்தக் கேப்டன்?"

"உன் எருமை."

"எங்ககிட்ட எருமை இல்ல."

பையன் மறுபடியும் கேட்டான், குரல் சின்னதாகிவிட்டது. "உன் பல்லக் காக்கா திருப்பிக் குடுத்துச்சா? செருப்பு புடிச்சுதா? நான்தான் குடுத்தேன். நண்டு இருக்குமே."

செருப்பு என்றதும் ஜோனெல்லா எழுந்து உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை முகத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டல் நடப்பதை நான் பார்த்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். போனை வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நீ இண்டாய் இல்லையா?" என்றான் பையன். அழப்போகிறான் என்று தெரிந்தது.

"இல்ல" என்றாள் ஜோனெல்லா. "இண்டாய் இங்க இல்ல. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கா."

"எப்ப வருவா?"

"தெரியாது. அங்க ஒரு குட்டிப் பையன் இருக்கான். அவனப் பாத்துக்கணும்."

பையன் யோசித்தான். "அவன் நல்ல பையனா?"

ஜோனெல்லா பென்சிலால் நோட்டு ஓரத்தில் கோடு கோடாகப் போட்டாள்.

"நல்ல பையன்தான்" என்றாள். "ஆனா கஞ்சி குடிக்க மாட்டான். அதனால அவளால வர முடியல."

"நான் இப்பல்லாம் குடிக்கிறேன்" என்றான் பையன் அவசரமாக. அதற்குள் அந்தப் பெண் போனை வாங்கி, நெல்ஃபா இல்லையா, சரி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஜோனெல்லா விட்ட கணக்கை எழுதி முடித்தாள். ஐந்தில் மூன்று தப்பு. அவளுக்கு அப்படித் தப்பு வந்து நான் பார்த்ததே இல்லை.

*

நெல்ஃபா பையோடு உள்ளே வந்ததும் ஜோனெல்லா கேட்டாள். "அம்மா, யாரு இண்டாய்?"

நெல்ஃபா என்னைப் பார்த்தாள். நான் போனைக் காட்டினேன். அவள் பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீதான்" என்றாள்.

"நான் எருமை மேல ஏறினதே இல்ல."

"தெரியாது கண்ணு."

"நான் கடல்ல முழங்காலுக்கு மேல இறங்க மாட்டேன். நண்டுன்னா எனக்குப் பயம். என் முதல் பல்லக் கூரையில போடல, அத்தை டப்பாவுல வெச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியாதே."

"அத்தைக்குத் தெரியும். கேட்டிருக்கலாம்ல?" அவள் குரல் உயர்ந்தது. ஆறு வருஷத்தில் அந்தப் பிள்ளை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "அவன்கிட்ட தினம் சொல்லியிருக்க. என்னப் பத்தி. எனக்கு ஒண்ணுகூடச் சொல்லல. கடைக்குப் போறேன்னு சொன்ன, அதுவும் பொய்!"

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நினைவிருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. நெல்ஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோனெல்லா வெளியே போய் முருங்கை மரத்தடியில் நின்றாள். நான் போகக் கிளம்பினேன். நெல்ஃபா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பேரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஜோனெல்லா கேட்டாள். "எத்தன கதை சொன்ன?"

"எண்ணல."

"தினம் ஒண்ணுன்னா ரெண்டாயிரம் வரும்." மூக்கை உறிஞ்சினாள். "முதல்லேர்ந்து சொல்லு."

பள்ளிக்கூடம் வயல் வழியாக அரைமணி நடை. அதுவரை ஜோனெல்லா மற்ற பிள்ளைகளோடு போய்வந்துகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து நெல்ஃபா கூடப் போனாள். போகும்போது ஒரு இண்டாய் கதை. முடிந்ததும் ஜோனெல்லா "பொய்" என்பாள். அப்புறம் நிஜமாக என்ன நடந்தது என்று அவள் சொல்வாள். இண்டாய் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கேப்டன் மேல் ஏறிப் போனாள், வாத்தியார் பயந்து மேஜை மேல் ஏறினார். ஜோனெல்லா முதல் நாள் பயத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டு, அத்தை வேறு பாவாடை கொண்டுவரும் வரை பெஞ்சை விட்டு எழவில்லை. இண்டாய்க்கு அம்மை வந்தபோது ஒவ்வொரு கொப்புளமும் ஒரு நட்சத்திரமாகப் பறந்தது. ஜோனெல்லாவுக்கு வந்தபோது சொறியாமல் இருக்க அத்தை அவள் கைக்கு உறை தைத்துப் போட்டுவிட்டு விடிய விடிய விசிறினாள். நினைவில்லாததை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பாள். "அத்தை, எனக்கு அம்மை வந்தது எந்த மாசம்? சரியாச் சொல்லுங்க, நாளைக்கு அம்மாவுக்குச் சொல்லணும்."

நான் சொன்னேன். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆறு வருஷம் என்னிடம் மட்டும்தான் இருந்தது, நான் அதை என் சொத்து என்று நினைத்திருந்தேன். மனசில்லாமல்தான் கொடுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் திரும்பி வரும்போது நெல்ஃபா சிரித்துக்கொண்டே வந்தாள், கண் சிவந்திருந்தது. "அக்கா, இவ வாழ்க்கை என் கதைய விட நல்லாயிருக்கு" என்றாள். "எனக்கு இப்படியெல்லாம் கட்ட வராது."

மழைக்காலத்தில் ஒரு காலை, மழைச்சேற்றில் கால் வைக்கப் பயந்து ஜோனெல்லா அம்மா கையைப் பிடித்தாள். சேறு தாண்டிய பிறகும் விடவில்லை. இதை நெல்ஃபா எனக்குச் சொல்லவில்லை, ஜோனெல்லாவும் சொல்லவில்லை. பின்னால் வந்த மீன்காரி சொன்னாள்.

*

டோட்டோ அதற்குப் பிறகும் கூப்பிட்டான். நெல்ஃபா மகள் சொன்னதை மாற்றவில்லை. இண்டாய் சிங்கப்பூரில் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கேப்டன் அவளுக்குக் கடிதம் எழுதுகிறது என்றாள். ஒரு வருஷம் மாதாமாதம் பேசினான். அப்புறம் திருவிழாவுக்குத் திருவிழா. எங்கள் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவன் வாயிலிருந்து உதிர்ந்தன. கடைசியாகப் பேசியபோது பத்து வயது. முழுக்க ஆங்கிலம். "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி? நான் நல்லா இருக்கேன், நன்றி" என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொன்னது மாதிரி பேசினான். இண்டாயைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த தடவை அந்த எண் வேலை செய்யவில்லை.

அன்றைக்கு நெல்ஃபா கரைக்குப் போகவில்லை. ஜோனெல்லாதான் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, கேப்டனுக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள். கதையில் துளியும் ஆசையில்லாத பிள்ளை கேட்டாள். நெல்ஃபா, "தெரியல கண்ணு, அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

ஜோனெல்லா இப்போது நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை வருவாள், வந்ததும் முதலில் என் வீட்டுக்கு, அப்புறம்தான் அம்மா வீட்டுக்கு. நெல்ஃபா இதைப் பற்றி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று, "அவனுக்கு இப்ப இருபத்தேழு" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்த மறுவருஷமே அவள் பால்வாடிக்கு வேலைக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் கருவாடு பேசும், கால்சட்டை பறக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, "என் அம்மா அங்க என்ன பண்றாங்க, கதை சொல்லுங்க" என்று கேட்டால் சொல்ல மாட்டாள். "அது எனக்குத் தெரியாது. நீ இன்னைக்கு என்ன பண்ணேன்னு சொல்லு" என்று கைப்பேசியை அதன் வாய்க்கு முன்னால் பிடிப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு குரல் பதிவாகிக் குவைத்துக்கும் ஹாங்காங்குக்கும் போகும். இன்னைக்கு எனக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு. இன்னைக்கு நான் மூணு தோசைக்கல்லு அளவுக்கு ஒரு சிலந்தியப் பாத்தேன். நடந்தது நடந்தபடி போக வேண்டும், சிலந்தி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் சரி.

இந்த ஜூனில் ரிக்கா என்று ஒரு நான்கு வயதுப் பெண் சேர்ந்தாள். அம்மா குவைத்துக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் நாள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் கைப்பேசியில், "அம்மா, நான் இன்னைக்குச் செருப்ப நானே மாட்டினேன். மாத்தி மாட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. நெல்ஃபா அதை ரிக்காவின் காதோரம் வைத்துப் போட்டாள். என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. அதில் வார்த்தையே இல்லை. மூச்சு விட்டுவிட்டு வருகிற சத்தம் மட்டும், அரை நிமிஷம்.

ரிக்கா நெல்ஃபாவை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், அம்மா சிரிக்கிறாங்களா?"

நெல்ஃபா அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாண்டி" என்றாள். "மாத்தி மாட்டினியே, அதுக்கு."

ரிக்கா கைப்பேசியை வாங்கி இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம் போய்ப் பாயில் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.